இடது காதில் ஒரு வருஷம்

வீரபாண்டிச் சாயப்பட்டறையில் லேப்.
எனக்கு நிறம் பார்க்கிற வேலை.
பையர் அனுப்பிய துண்டுத் துணிக்கும்
நான் முக்கியெடுத்த துண்டுத் துணிக்கும் நடுவே
மயிரிழை பச்சை கூடினாலும்
பத்தாயிரம் பனியன் திரும்பி வந்துவிடும்.

பாட்டும் அப்படித்தான் கேட்பேன்.
முதல் பாட்டில் ஏறினால் கடைசிப் பாட்டில்தான் இறங்குவது,
நடுவில் தாவுவதில்லை.
ஷேட் கார்டு ஃபைலின் பின்னட்டையில்
தேதி, பேர், மார்க்கு.
இயர்போனில் வலது பக்கம் பேசாது.
அதுவும் நல்லதுக்குத்தான்:
வலது காது சூப்பர்வைசருக்கு,
சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிற
மூணாம் நம்பர் மிஷினுக்கு.

தை நோம்பி லீவு முடிந்த அன்று
செல்லோ வாசிக்கிற ஒருத்தி கிடைத்தாள்.
பனி தேசம், பேரை உச்சரிக்க வரவில்லை.
ஆறே பாட்டு. எட்டரை.
பக்கத்தில் எழுதினேன்: சாம்பலில் ஒரு சொட்டு நீலம்.

மாசியில் எதுவும் தேறவில்லை.

பங்குனியில் 'உப்புக் கணக்கு',
தூத்துக்குடிப் பையன்கள் நாலு பேர்.
டிரம்ஸ்காரனுக்கு என்ன அவசரமோ,
யாரோ கேட்ட கேள்விக்கு
ஓடி ஓடிப் பதில் சொல்வது மாதிரி.
ஏழு.

ஸ்டென்டரில் நிற்கிற தண்டபாணி
சித்திரையில் ஒரு பென் டிரைவ் கொடுத்தான்.
கோபிப் பக்கம் ஏதோ கோயில் நோம்பியில்
போனை நீட்டிப் பதிந்த உருமி மேளம்.
ஒன்றேகால் மணி நேரம்.
நடுவில் ஒரு குரல்,
"பந்தி போட்டாச்சு, வாங்கோ வாங்கோ."
"ஏனுங் வேணியக்கா, இதெல்லாம் ஆல்பத்துல சேருமா?"
சேரும். ஒன்பது.

ஆடிக் காற்றில்
பல்லடம் ரோட்டில் ஸ்கூட்டி ஒருக்களித்துப் போனது.
அந்த மாசம் கேட்ட எதற்கும்
காற்றை மீறிய சத்தம் இல்லை.
புரட்டாசியில் 'ஈர நூல்' என்று ஒன்று.
ஐம்பது நிமிஷமும் தம்பூரா மட்டும்.
எழுதினேன்: பாட ஆளில்லை. மூணரை.

போனஸ் வந்தது.
சீட்டுக்குக் கட்டி, கேஸ் அடுப்பு மாற்றி,
பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில்
புது இயர்போன். இரண்டு பக்கமும் பேசும்.

கார்த்திகை மழைக்கு கரண்டு போன ஒரு ராத்திரி
வருஷத்தைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

டிரம்ஸ்காரனுக்கு எதிர்ப்பக்கம்
இன்னொரு கிதார் உட்கார்ந்திருக்கிறது!
கேள்வி கேட்டதெல்லாம் அவன்தான்.
'ஈர நூலில்' பாடுகிறாள் ஒருத்தி,
தொண்டை கிழியப் பாடுகிறாள்,
முழுக்க முழுக்க வலது பக்கத்திலேயே.
இருட்டில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
பதினோரு வாரமாக ஒருத்தி
என் செத்த காதுக்குள் கத்தியிருக்கிறாள்,
நான் மூணரை போட்டிருக்கிறேன்.

தண்டபாணியின் மேளம் மட்டும் மாறவில்லை.
போனுக்கு ஒரே காது,
இரண்டு பக்கத்துக்கும் அதே அடி, அதே பந்தி.

கடைசியாகச் செல்லோக்காரி.
வலது பக்கம் ஒரு பியானோ இருந்தது,
சுத்தமாக, அடக்கமாக.
ஆனாலும் எங்கேயோ ஒரு ஓட்டை.
மூணாவது பாட்டு வரைக்கும் பிடிபடவில்லை.
அப்புறம்தான் தெரிந்தது:
மிஷினைக் காணோம்.
அவள் வில்லை இழுக்க இழுக்க
கீழேயே நின்று சுருதி பிடித்த
அந்த ஈர உறுமல் இல்லை.

லேப்பில் லைட் பாக்ஸ் உண்டு.
பகல் வெளிச்சத்தில் ஒத்த துணி
கடை வெளிச்சத்தில் பல்லிளிக்கும்.
எதையும் அடிப்பதில்லை,
இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

மார்கழி கடைசி, நைட் ஷிப்ட்,
பின்னட்டையில் இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன்:
'ஈர நூல்', வலது, ஒன்பதரை. மன்னிக்கவும்.
முதலிடம்:
இடது பக்கம், செல்லோ.
வலது பக்கம், மூணாம் நம்பர் மிஷின்,
நேவி புளூ, அறுபது டிகிரி,
ஓட்டியது மயிலாத்தா.

சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கிறார்.
மூணு தடவையாம்.